கலியாண மண்டபத்துக் கருவி வீட்டுக்கு வரலாமா?

மார்கழி மாதத்தில் முகூர்த்தம் இல்லை என்பது நாம் அறிந்ததே. கலியாணங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுக்கும் தொழிலில் உள்ளவர்களுக்கு அது ஓய்வுக் காலம். என்னிடம் இயற்பியல் படித்து, இன்று சவுண்ட் சர்வீஸ் நடத்தி வரும் மாணவர் ஒருவர் சென்ற மார்கழியில் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒன்றரை அடி அகலமும் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த உயரமும் உள்ள ஓர் இரும்புப் பெட்டி.

"சார், தை பிறக்கிற வரைக்கும் இது சும்மாதான் கிடக்கும். வீட்டில போட்டுப் பாருங்க. உங்க ரூமையே சரி பண்ணிடும்" என்றார்.

"அறையையே சரி செய்துவிடும்." இதே வாக்கியத்தைக் கடைக்காரர்கள் சிலரும் என்னிடம் சொன்னதுண்டு. மேடைகளுக்கும் மண்டபங்களுக்கும் என்று செய்யப்பட்ட டிஜிட்டல் பிராசஸர்களை வீட்டுப் பாட்டுப் பெட்டியோடு இணைப்பது இப்போது இசை ஆர்வலர்களிடையே பரவி வரும் பழக்கம். பழைய கருவிகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் இதற்கு ஒரு காரணம். அந்த வாக்கியம் எந்த அளவுக்கு உண்மை என்று சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எனக்கும் ஒரு தேவை இருந்தது. என் தந்தைக்கு வயது எழுபத்து நான்கு. பழைய திரைப்பாடல்களும் சொற்பொழிவுகளும் அவருக்கு உயிர். சில ஆண்டுகளாக, "பாட்டு கேக்குதுப்பா, வார்த்தைதான் புரியல" என்று சொல்லி வந்தார். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டார். மாலையில் எங்களோடு உட்கார்ந்து கேட்பதையும் விட்டுவிட்டு, திண்ணைக்குப் போய்விடுவார். காது போய்விட்டது என்று அவரே முடிவு செய்து கொண்டார். இந்தப் பெட்டி அவரைத் திரும்ப அறைக்குள் அழைத்து வருமா என்பதுதான் என் கேள்வி.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

டிஜிட்டல் சிக்னல் பிராசஸர் என்பதைத் தமிழில் எண்முறைக் குறிகைச் செயலி எனலாம். தொழிலில் இருப்பவர்கள் பிராசஸர் என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

பாட்டு, கம்பியில் மின்னழுத்தமாக வருகிறது. பிராசஸர் அந்த மின்னழுத்தத்தை வினாடிக்கு 48,000 முறையோ 96,000 முறையோ அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக மாற்றிக் கொள்கிறது. பிறகு அந்த எண்களைப் பெருக்கிக் கூட்டுகிறது. கிடைத்த விடையை மறுபடியும் மின்னழுத்தமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. நடப்பது இவ்வளவே.

எடுத்துக்காட்டாக, தாழ்ந்த சுரத்தைச் சற்றுக் குறைக்கும் ஒரு வடிப்பானை எடுத்துக் கொள்வோம். இப்போது வந்த எண், அதற்கு முன் வந்த இரண்டு எண்கள், முன்பு கிடைத்த இரண்டு விடைகள் ஆகிய ஐந்தையும் ஐந்து மாறிலிகளால் பெருக்கிக் கூட்டினால் போதும். ஆறு வழிகளில் வழிக்குப் பத்து வடிப்பான்கள் வைத்தால், 48,000 அளவுகளுக்கு வினாடிக்கு 1 கோடியே 44 லட்சம் பெருக்கல்கள் ஆகின்றன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஎம்எஸ் 32010 என்ற சில்லு வினாடிக்கு 50 லட்சம் கட்டளைகளையே நிறைவேற்றும். இன்றைய சில்லுகளுக்கு இந்தக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே பெட்டியின் கணக்குத் திறமையைப் பற்றி நமக்கு ஐயம் வேண்டாம்.

ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பிராசஸர் திருத்துவது கம்பியில் செல்லும் குறிகையை. ஒலிபெருக்கியை விட்டு ஒலி வெளியேறிய பின் அதன்மேல் பெட்டிக்கு எந்த ஆட்சியும் இல்லை. இக்கட்டுரையில் நாம் காணப்போகும் நன்மை, குறை இரண்டும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

பிறந்த இடமும் புகுந்த இடமும்

ஒரு கருவியைக் குறை சொல்லும் முன் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்ப்பதுதான் முறை. பெஹ்ரிங்கர் நிறுவனத்தின் டிசிஎக்ஸ் 2496 என்ற கருவி, வீடுகளுக்கு இடம் பெயர்ந்த மேடைப் பிராசஸர்களுள் பெயர் பெற்றது. அதற்கு மூன்று உள்வழிகள், ஆறு வெளிவழிகள். பெயரில் உள்ள 24 என்பது பிட்டுகளையும், 96 என்பது வினாடிக்கு 96,000 அளவுகளையும் குறிக்கும். (என் மாணவர் கொண்டு வந்தது வேறொரு கருவி, அதன் பெயர் நமக்கு வேண்டாம்.)

இத்தகைய பெட்டிக்கு மண்டபத்தில் முக்கியமான வேலைகள் நான்கு. முதலாவது, பாட்டைத் தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த அதிர்வெண்களாகப் பிரித்துத் தனித்தனி ஆம்ப்ளிஃபயர்களுக்கு அனுப்புவது. இரண்டாவது, தாமதம் கொடுப்பது. நம் ஊர் வெப்பநிலையில் ஒலி வினாடிக்குச் சுமார் 348 மீட்டர் செல்லும். பந்தலின் நடுவில், மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி இன்னொரு ஒலிபெருக்கி நின்றால், மேடை ஒலி அங்கு வந்து சேர ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி ஆகும். அந்த நேரத்தைக் கணக்கிட்டு இரண்டாம் ஒலிபெருக்கியைத் தாமதப்படுத்தாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும். மூன்றாவது, சில அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது. நான்காவது, யாராவது ஒலிவாங்கியைக் கீழே போட்டுவிட்டாலும் ஒலிபெருக்கிகள் கருகாமல் எல்லை கட்டிக் காப்பது.

இந்த வேலைகளில் பிராசஸரை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருக்கும் மண்டபமும், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும் ஒன்றாகுமா?

முதற்குறை: மின்னழுத்தம் பொருந்தாமை

மேடைக் கருவிகளின் மொழி உரத்த மொழி. நீண்ட கம்பிகளில் இரைச்சல் புகுந்து கெடுக்காதிருக்க, அவை உயர்ந்த மின்னழுத்தத்தில் பேசிக் கொள்கின்றன. பல பிராசஸர்களின் உச்ச அளவு +22 டிபியு என்று குறிக்கப்பட்டிருக்கும். 0.775 வோல்ட்டை அடிப்படையாகக் கொண்ட இந்த அளவு ஏறக்குறைய 9.8 வோல்ட்டுக்குச் சமம். வீட்டிலுள்ள சிடி பிளேயரோ தன் உச்சத்தில் சுமார் 2 வோல்ட்டுதான் கொடுக்கும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 9.8 வோல்ட்டுக்கும் 2 வோல்ட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சுமார் 14 டெசிபெல். பிராசஸரின் உச்ச ஒலிக்கும் அதன் சொந்த இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 110 டெசிபெல் என்று வைத்துக் கொள்வோம். இது நல்ல கருவிதான். அதில் 14 டெசிபெல் தொடக்கத்திலேயே வீணாகிறது. எஞ்சியது 96 டெசிபெல். பழைய 16 பிட் சிடிக்கும் அவ்வளவு இடைவெளி உண்டு. 24 பிட் என்று பணம் கொடுத்து வாங்கிவிட்டு, 16 பிட்டுக்கே வந்து சேர்கிறோம்.

வெளிவழியில் சங்கடம் இன்னும் தெளிவாகக் கேட்கும். 9.8 வோல்ட்டுக்கு 110 டெசிபெல் கீழே என்றால் சுமார் 31 மைக்ரோவோல்ட் இரைச்சல். அதை வீட்டு ஆம்ப்ளிஃபயர் 28 மடங்கு பெருக்கினால் ஏறக்குறைய 0.87 மில்லிவோல்ட் ஒலிபெருக்கியைச் சேரும். 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபெல் ஒலி தரும் சாதாரண ஒலிபெருக்கியில் இந்த இரைச்சல் 20 டெசிபெல் அளவுக்குக் கேட்கும். நள்ளிரவில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினால்தான் தெரியும். ஆனால் மேடைக் கருவியின் மோகத்தில் மேடைக் கூம்பு ஒலிபெருக்கியையும் வீட்டுக்குக் கொண்டு வருவோர் உண்டு. அதன் உணர்திறன் 110 டெசிபெல் என்றால் இரைச்சலும் 40 டெசிபெல் ஆகிவிடும். பாட்டு நின்றதும் அடுப்பில் தோசை ஊற்றியது போல் "சுர்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மண்டபத்தின் சந்தடியில் யாருக்கும் கேட்காத அதே இரைச்சல்தான் இது.

இந்தக் குறைக்கு மருந்து உண்டு. பிராசஸருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே இரண்டு மின்தடைகளால் ஆன ஒரு பிரிப்பானை வைத்து 14 டெசிபெல் குறைத்தால், பாட்டோடு இரைச்சலும் அதே அளவு குறையும். பிறகு பிராசஸரை அதன் உயர்ந்த அளவிலேயே இயங்க விடலாம். பாட்டைப் பிராசஸருக்கு டிஜிட்டல் வடிவிலேயே கொடுத்தால் உள்வழி இழப்பும் இல்லை. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு பிராசஸருக்குப் பின்னால் இருப்பது நல்லது. செலவு மிகச் சிறிது. ஆனால் விற்பவர் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை.

இரண்டாம் குறை: ஓர் அறை, இரண்டு நாற்காலிகள்

இப்போது அறைக்கு வருவோம். எங்கள் அறை பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம். சிமெண்டுப் பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. உங்களில் பலருடைய அறையும் இப்படித்தான் இருக்கும்.

இரண்டு சுவர்களுக்கு இடையில், அரை அலைநீளம் பொருந்தும் அதிர்வெண்ணில் நிலை அலை தோன்றும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பத்தடி என்பது 3.05 மீட்டர். 348ஐ 6.1ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். பன்னிரண்டடிக்கு 47.5 ஹெர்ட்ஸ். எங்கள் அறையின் அகலமும் உயரமும் சமமாதலால் 57 ஹெர்ட்ஸில் இரண்டு நிலை அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கொள்கின்றன. தவிலின் தொப்பியோ பாஸ் கிட்டாரோ அந்தச் சுரத்தைத் தொட்டால் அறையே கும்மென்று முழங்கும்.

அளக்கும் ஒலிவாங்கி ஒன்றையும், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளையும் கொண்டு அளந்து பார்த்தேன். சுவரோரம் உள்ள என் தந்தையின் சாய்வு நாற்காலியில், கணக்குச் சொன்ன 57 ஹெர்ட்ஸை ஒட்டியே ஒரு மேடு தெரிந்தது. அறையின் நடுவில் நான் உட்காரும் நாற்காலியில் அதே இடத்தில் ஒரு பள்ளம்! இதுவும் பாடநூலில் உள்ளதே. நிலை அலையின் அழுத்தம் சுவரருகே மிகுதி. சுவர்களுக்கு நடுவே மிகக் குறைவு.

பிராசஸர் என்ன செய்யும்? 57 ஹெர்ட்ஸைக் குறைக்கச் சொன்னால் குறைக்கும். அந்தச் சுரத்துக்குரிய ஆற்றல் குறைவாகவே அறைக்குள் செல்வதால், தந்தையின் நாற்காலியில் முழக்கம் அடங்கிவிட்டது. மெய்யாகவே நல்ல மாற்றம். ஆனால் அதே கணத்தில் என் நாற்காலியில் இருந்த பள்ளம் இன்னும் ஆழமாயிற்று. ஒரே குறிகை, ஒரே திருத்தம், இரண்டு நாற்காலிகள். எதற்குச் சரி செய்வது?

பள்ளத்தை நிரப்புவோம் என்று எதிர்ப்பக்கமாகத் திருகினால் நிலைமை இன்னும் மோசமாகும். பள்ளம் ஏன் தோன்றுகிறது? நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் எதிரெதிராகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக் கொள்கின்றன. ஐந்திலிருந்து ஐந்து போனால் பூச்சியம். குறிகையை நான்கு மடங்காக்கினால் நேர் அலையும் நான்கு மடங்காகும். திரும்பும் அலையும் நான்கு மடங்காகும். இருபதிலிருந்து இருபது போனாலும் பூச்சியமே. ஆனால் வீச்சு நான்கு மடங்காக, அதாவது 12 டெசிபெல் கூட, ஆம்ப்ளிஃபயர் பதினாறு மடங்கு திறனைக் கொடுக்க வேண்டும். 5 வாட் போதுமான இடத்தில் 80 வாட். கேட்பவருக்குப் பயன் ஏதுமில்லை. ஒலிபெருக்கியின் சுருளுக்குச் சூடு மட்டும் மிச்சம். நாற்காலியை இரண்டடி நகர்த்திப் போட்டேன். பள்ளத்தின் பெரும்பகுதி மறைந்தது. அதற்கு எந்தச் சில்லும் தேவைப்படவில்லை.

மூன்றாம் குறை: நீங்காத எதிர்முழக்கம்

மேட்டை அடக்கிய பின் ஆவலோடு தந்தையை அழைத்தேன். ஒரு பழைய பாடலை ஓட விட்டேன். "கும்முனு இருந்தது குறைஞ்சிருக்கு" என்றார். "வார்த்தை?" என்றேன். உதட்டைப் பிதுக்கினார். மெய்யெழுத்துகள் இருக்கும் உயர்ந்த அதிர்வெண்களைப் பிராசஸரில் கூட்டிப் பார்த்தேன். "காதைக் கிழிக்குது, நிறுத்துப்பா" என்று எழுந்து போய்விட்டார்.

அன்று இரவு எனக்கு நினைவுக்கு வந்தவர் வாலஸ் கிளமெண்ட் சபைன். 1895ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இவர் ஓர் இளம் இயற்பியல் ஆசிரியர். அங்கே ஃபாக் கலைக் கூடத்தின் விரிவுரை அறையில் ஆசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. பேசிய சொல் ஐந்து வினாடிக்கு மேல் அறைக்குள் சுற்றிக்கொண்டே இருந்ததாம். அதைச் சரிசெய்யும் பொறுப்பு சபைனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இரவு நேரங்களில், அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அறையில் பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து, ஒலி மறையும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக் கூட நேரம் குறைந்தது. அந்த அளவீடுகளிலிருந்து பிறந்ததே எதிர்முழக்க நேரச் சூத்திரம். 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி அரங்கு இந்த அறிவைக் கொண்டு அமைக்கப்பட்டது.

சூத்திரம் எளியது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையின் மொத்த உட்கவர் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபெல் குறைய ஆகும் நேரம் வினாடிகளில் கிடைக்கும். ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல்தான் இங்கே ஓர் அலகு. அதன் வழியே போன ஒலி திரும்பி வருவதில்லை அல்லவா? எங்கள் அறையின் கன அளவு 34 கன மீட்டர். கட்டில், துணிமணி, நாங்கள் மூவர் எல்லாம் சேர்ந்து உட்கவர் பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். எனவே நேரம் 0.9 வினாடி.

0.9 வினாடி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பேச்சில் வினாடிக்கு நான்கைந்து அசைகள் வருகின்றன. ஓர் அசைக்கும் அடுத்த அசைக்கும் இடைவெளி ஐந்தில் ஒரு வினாடி. அதற்குள் முந்தைய அசை 13 டெசிபெல்தான் தணிந்திருக்கும். உயிரெழுத்தின் ஓசை வலிது. க, ச, ட, த, ப ஆகியவற்றின் ஓசை மெலிது, குறுகியது. முந்தைய உயிரின் வால், அடுத்து வரும் மெய்யை மூடிவிடுகிறது. இளங்காது எப்படியோ ஊகித்துக் கொள்ளும். வயதான காதுக்கு உயர்ந்த அதிர்வெண்கள் முன்பே மங்கியிருப்பதால் ஊகிக்க ஒன்றும் எஞ்சுவதில்லை.

இதில் பிராசஸர் ஏன் தோற்றது என்பது இப்போது விளங்கும். உயர்ந்த அதிர்வெண்ணைக் கூட்டினால் சொல்லும் கூடும். அதன் வாலும் அதே அளவு கூடும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறுவதே இல்லை. சுவரிலிருந்து சுவருக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒலியைப் பிடித்து நிறுத்தும் வழி கம்பிக்குள் இருக்கும் எண்களிடம் கிடையாது.

மறுநாள் பரணில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் உலர்த்தி, ஒலிபெருக்கிகளுக்கு எதிர்ச் சுவரில் நிறுத்தினேன். வெறுமையாக இருந்த பக்கச் சுவரில் கனத்த திரைச்சீலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். இவை இரண்டும் பேச்சின் அதிர்வெண்களில் ஏறக்குறைய இன்னும் 6 சதுர மீட்டர் உட்கவர் பரப்பைத் தருபவை. சூத்திரப்படி நேரம் பாதியாகி 0.45 வினாடியாக வேண்டும். அப்போது ஓர் அசைக்கும் அடுத்ததற்கும் இடையில் முந்தைய ஓசை 27 டெசிபெல் தணியும். கைதட்டிப் பார்த்தபோதே அறையின் குரல் மாறியிருந்தது தெரிந்தது.

எண்களின் மயக்கம்

இங்கே ஒரு சொல் சொல்ல வேண்டும். 24 பிட் என்றால் ஏட்டளவில் 144 டெசிபெல் இடைவெளி. கேட்கவே பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் மின்விசிறி சுழல்கிறது. சன்னல் வழியே தெருவும் உள்ளே வருகிறது. இந்தச் சந்தடி மட்டுமே 45 டெசிபெல் வரை எளிதில் எட்டும். நாம் பாட்டுக் கேட்பதோ உச்சத்தில் 90 டெசிபெல் அளவில். நமக்கு மெய்யாகக் கிடைப்பது 45 டெசிபெல் இடைவெளி. 144 என்ற எண்ணைக் காட்டிக் காசு கேட்பது, வாய்க்கால் பாசனத்துக்கு மேட்டூர் அணையை விலை பேசுவது போலாகும்.

பிராசஸரின் உள்ளே கணக்குப் போடுவதற்கு அதிக பிட்டுகள் தேவை என்பது வேறு. பல முறை பெருக்கிக் கூட்டும்போது பிழைகள் சேராமல் இருக்க அவை உதவும். பொறியாளருக்குத் தேவையான அந்த எண்ணை விளம்பரம் எடுத்து, கேட்பவரின் இன்பத்துக்கு அளவுகோலாக நிறுத்திவிடுகிறது. என் கண்டனம் இந்த இடமாற்றத்தின் மீதுதான்.

பிராசஸருக்கு உரிய நியாயம்

இவ்வளவும் சொன்னதால் நான் பிராசஸருக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். மெத்தையாலும் ஆகாத வேலை உண்டு. 57 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஆறு மீட்டருக்கு மேல். அரை அடி மெத்தை அதற்கு ஒரு தடையே இல்லை. அங்கே மேடுகளை அடக்க வீட்டார் ஏற்கும் வழி பிராசஸர்தான்.

எந்த இடம் வரை பிராசஸர், எந்த இடத்துக்கு மேல் மெத்தை என்பதற்கு மான்ஃபிரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் வழிகாட்டியிருக்கிறார். எதிர்முழக்க நேரத்தை அறையின் கன அளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2,000ஆல் பெருக்கினால் ஓர் அதிர்வெண் கிடைக்கும். அதற்குக் கீழே நிலை அலைகள் தனித்தனியாக நின்று ஆள்கின்றன. அதற்கு மேலே அவை எண்ணற்றனவாக ஒன்றோடொன்று கலந்துவிடும். மெத்தை வைத்த பின் எங்கள் அறைக்கு இது சுமார் 230 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஓரிரு மேடுகளைப் பிராசஸரால் தணிக்கலாம். அதற்கு மேலே அறையைத் திருத்தும் வேலை துணிக்கும் பஞ்சுக்கும் புத்தக அலமாரிக்கும் உரியது.

இன்னொரு துறையில் பிராசஸருக்கு நிகரே இல்லை. ஒலிபெருக்கியைத் தாமே செய்து பார்க்கும் ஆர்வலர்களுக்குச் சொல்கிறேன். பெரிய ஒலிபெருக்கிக்கும் சிறிய ஒலிபெருக்கிக்கும் சுரங்களைப் பிரித்துக் கொடுப்பதற்குச் சுருள்களையும் மின்தேக்கிகளையும் வாங்கிப் பற்றவைத்து, பிடிக்காமல் மறுபடி பிரித்து அல்லல்படுவதை நான் அறிவேன். லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரு பொறியாளர்களின் பெயரால் 1976 முதல் வழங்கிவரும் பிரிப்பு முறையைப் பிராசஸரில் ஒரு விசையை அழுத்தி அமைக்கலாம். ஒரு மில்லிவினாடித் தாமதம் என்பது 35 சென்டிமீட்டர் தொலைவு; இரண்டு ஒலிபெருக்கிகளும் வெவ்வேறு ஆழத்தில் பொருத்தப்பட்டிருந்தால் அந்தச் சில சென்டிமீட்டரையும் ஈடு செய்யலாம். இது ஒலிபெருக்கியின் குறை. கம்பியில் திருத்தக்கூடிய குறை. ஆகவே இங்கே பிராசஸர் வெல்கிறது.

வாங்க நினைப்போருக்கு

எனவே நேயர்களே, பணப்பையைத் திறக்கும் முன் இந்த வரிசையைப் பின்பற்றிப் பாருங்கள். முதலில் நாற்காலியையும் ஒலிபெருக்கியையும் இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டாவதாக, கைதட்டிக் கேளுங்கள். ஓசை கணீரென்று நீண்டால் துணியும் பஞ்சும் தேடுங்கள். மூன்றாவதாக, ஒலிவாங்கி ஒன்றை இரவல் வாங்கியாவது அளந்து பாருங்கள். அதன் பின்னும் தாழ்ந்த சுரத்தில் மேடு இருந்தால் பிராசஸர் வாங்குங்கள், மேட்டைக் குறையுங்கள், பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள். மேடைக் கருவி என்றால் மின்னழுத்தக் கணக்கைப் போட்டுவிட்டு இணையுங்கள். "அறையையே சரி செய்துவிடும்" என்று யாராவது சொன்னால், "எந்த நாற்காலிக்கு?" என்று கேளுங்கள்.

தை பிறந்தது. மாணவர் பெட்டியை எடுத்துப் போக வந்தார். நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கண்ணாடி வச்ச மண்டபத்தில எல்லாம் நான் எவ்வளவு திருகினாலும் பேச்சு புரியாம இருக்கறது இதனாலதானா சார்?" என்றார். ஆம் என்றேன். அவருக்கு அந்த ஒரு மாதம் வீணாகவில்லை என்றே நினைக்கிறேன்.

தந்தையைக் காது மருத்துவரிடமும் அழைத்துச் சென்றோம். செவித்திறன் குறைந்திருப்பது உண்மைதான். அதற்குரிய கருவியைப் பற்றிப் பேசி வருகிறோம். பஞ்சு மெத்தை காதைக் குணப்படுத்திவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் திண்ணைக்குப் போவதை விட்டுவிட்டார். மாலையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார். இடையிடையே "என்ன சொன்னான்?" என்று கேட்பது குறைந்திருக்கிறது. போன வாரம் ஒரு பாடலின் நடுவே, "இந்த அடியை இத்தனை வருஷமா தப்பாப் பாடிக்கிட்டிருந்தேன்" என்றார்.